ஃப்ரீசர் பக்கத்து நாற்காலி

நீங்கள் ஒரு தப்பு பண்ணும்போது, அது தப்பு என்று தெரிந்தும், பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசிவரை வேடிக்கை பார்த்த ஆள் உங்கள் வாழ்க்கையில் யாராவது உண்டா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அப்படிப்பட்டவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது நமக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்ததுகூட அந்தம்மாவே ஒருநாள் சொன்னதால்தான்.

விருத்தாசலத்தில் எம்.எஸ்சி. பயோடெக் படித்தேன். காலேஜ் ஊருக்கு வெளியே, செராமிக் யூனிட்டுகள் வரிசையாக முடிகிற இடத்தில் இருந்தது. லேப் ஜன்னலைத் திறந்தால் உடைந்த கப்பு, கை போன பொம்மை, ஓட்டை விழுந்த ஃப்யூஸ் கட்டை எல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கும். காற்று அடித்தால் மேஜை முழுக்க வெள்ளைப் பொடி. மற்ற ஊர் லேப்புகளில் ஏசி இருப்பதுபோல எங்களுக்கு அந்தப் பொடி.

அந்தம்மா அங்கே லேப் அசிஸ்டென்ட். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். ஐம்பது வயதைத் தாண்டிய உடம்பு, ஒரு கால் லேசாக இழுத்து நடக்கும் நடை, இடுப்பில் ஃப்ரீசர் சாவி. ஃப்ரீசருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து ஒயர் கூடை பின்னிக்கொண்டே இருப்பார். கூடையைப் பார்த்து ஒருநாளும் பின்னியதில்லை. விரல் தானாகப் போகும். கண் எங்கள் மேல் இருக்கும்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அவர் தப்பைத் திருத்தமாட்டார். முடியும்வரை பார்ப்பார்.

சேர்ந்த ரெண்டாவது வாரத்தில் எனக்கு முதல் டோஸ் கிடைத்தது. அதற்கு முன்னால் நாங்கள் என்ன வேலை செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன், சுலபம்தான். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் பி53 என்று ஒரு புரோட்டீன் இருக்கிறது. செல்லுக்கு அடிபட்டால் ‘நில்லு, இனிமே பெருகாதே’ என்று பிரேக் போடுவது அதுதான். பிரேக் போய்விட்டால் செல் கண்டபடி பெருகும், அப்புறம் கேன்சர் வரை போகலாம். அந்தப் புரோட்டீன் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. செல்லை உடைத்து, உள்ளே இருக்கிற எல்லாப் புரோட்டீனையும் ஜெல்லில் ஓடவிட்டு எடைவாரியாகப் பிரித்து, தாள் மாதிரி ஒரு வெள்ளை மெம்பரேனில் ஒத்தி எடுக்க வேண்டும். அதன்மேல் ஆன்டிபாடியை ஊற்றி ஊறவைத்தால், தேடுகிற புரோட்டீன் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு விழும். அந்தக் கோட்டுக்குப் பெயர் பேண்டு. பேண்டு விழுந்தால் தீபாவளி. விழாவிட்டால் லேப்பே எழவு வீடு.

மெம்பரேனை ஊறவைக்க மற்றவர்கள் விலை கொடுத்து பிளாஸ்டிக் பெட்டி வாங்குவார்கள். எங்களுக்கு அந்தம்மா பக்கத்து யூனிட்டில் இருந்து கழித்துப்போட்ட பீங்கான் தட்டு கொண்டுவருவார். ஒவ்வொரு தட்டையும் காதோரம் வைத்து நகத்தால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துத்தான் அடுக்குவார். அன்றைக்கும் அப்படித் தட்டிப் பார்த்து ஒரு தட்டை என் கையில் கொடுத்தார். மெம்பரேனைப் போட்டு, ஆன்டிபாடியை ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் தட்டு காய்ந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாக அத்தனையும் மேஜையில் ஒழுகியிருந்தது. மெம்பரேன் அப்பளம்.

அந்தம்மா கூடை பின்னிக்கொண்டிருந்தார்.

“சத்தம் சரியில்லதான் தம்பி. தட்டும்போதே தெரிஞ்சுது.”

“தெரிஞ்சே குடுத்தீங்களா?”

“நீ கேக்கலியே.”

நான் கத்தினேன். அவர் அடுத்த ஒயரைக் கோர்த்தார். அவ்வளவுதான்.

இன்னொரு நாள் என் கிளாஸ்மேட் ஒருவன், திட்டக்குடிப் பக்கத்துப் பையன், ஜெல்லில் இருந்து மெம்பரேனுக்குப் புரோட்டீனை ஏற்றும் பெட்டியைத் தலைகீழாக மாட்டிவிட்டான். தலைகீழாக மாட்டினால் புரோட்டீன் எல்லாம் மெம்பரேனுக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் தண்ணீருக்குள் போய்க் கரைந்துவிடும். ஒன்றரை மணி நேரம் கரண்ட் ஓடியது. அவன் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, சரியா ஓடுதாம்மா என்று அந்தம்மாவைக் கேட்டான். நல்லா ஓடுது தம்பி என்றார் ஒவ்வொரு தடவையும். அதில் பொய்யும் இல்லை. கரண்ட் நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்ததும் அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க, பின்னுவதை நிறுத்திவிட்டு எழுந்தே வந்தார். அந்த ஒரு தடவைதான் அவர் நாற்காலியை விட்டு வேகமாக எழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

லேப்புக்குள் மட்டும்தான் இந்தக் குணம் என்று நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை ஜங்ஷனில் அவரைப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் நின்றிருந்த சேலம் பாசஞ்சரில் ஒரு குடும்பமே ஏறிக்கொண்டிருந்தது. சீர்வரிசைத் தட்டு, குத்துவிளக்கு, பட்டுப்புடவை, அழுகிற குழந்தை. கடலூரில் கல்யாணம், முகூர்த்தத்துக்குள்ளே போயிடலாம் என்று அந்த வீட்டுப் பெரியவர் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொல்லிக்கொண்டே ஏறுகிறார். கடலூர் வண்டி அடுத்த பிளாட்பாரத்தில் நிற்கிறது. அந்தம்மா ஏறுகிற படிக்கு ரெண்டடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் செருப்பு ஒன்று கீழே விழுந்தபோது எடுத்துக்கூடக் கொடுத்தார். வண்டி நகர்ந்து கடைசிப் பெட்டி போன பிறகுதான் என் பக்கம் திரும்பி, “அது சேலம் போற வண்டி” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு அது செம காமெடியாக இருந்தது. ரூமுக்குப் போய் எல்லோரிடமும் நடித்துக் காட்டினேன்.

ஏன் இப்படி ஆனார் என்பதை தேன்மொழி அக்காதான் சொன்னார். தேன்மொழி அக்கா எங்கள் லேப்பில் பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தவர். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு புரொபசர், பாட்டிலை மாற்றி எடுத்து எக்ஸ்பெரிமென்டை ஆரம்பித்திருக்கிறார். அப்போது அந்தம்மா வேலைக்குப் புதுசு. சார், அது அந்த பாட்டில் இல்லீங்க என்று சொல்லிவிட்டார். பாத்திரம் கழுவ வந்தவ பாத்திரத்தப் பாரு என்று பசங்க எல்லோர் முன்னாலும் அவர் சொன்னாராம். எக்ஸ்பெரிமென்ட் நாறிப்போனது. அதற்கு அப்புறம்தான் விஷயமே. பாட்டிலைக் கலக்கி வைத்தது இந்தம்மாதான் என்று அவர் எழுதிக் கொடுத்து, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, பதினைந்து நாள் வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவர் நாற்காலியை ஃப்ரீசர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒருத்தருக்கும் ஒன்றும் சொன்னதில்லை.

பாவம் என்று உச்சுக் கொட்டாதீர்கள். நானும் கொட்டவில்லை. அந்தப் புரொபசர் எப்போதோ ரிட்டயர் ஆகிப் போய்விட்டார். விரிசல் தட்டு என் கைக்குத்தானே வந்தது?

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. முதல் வாரமே பி.எஸ்சி. பசங்க கூட்டமாக இருக்கும்போது, இத்தனை வருஷமா இங்க இருக்கீங்களே, ஆன்டிபாடின்னா என்னான்னு தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள். அவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

“திருவிழாக் கூட்டத்துல பூந்து ஒரே ஒருத்தன் சட்டையப் போயி புடிக்கும் தம்பி. வேற எவன் சட்டையையாவது புடிச்சா அது கெட்ட ஆன்டிபாடி.”

எந்தப் புத்தகத்திலும் அதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை. ஆனால் நான் என்ன செய்தேன்? புத்தகத்தில் இருந்த டெஃபனிஷனை இங்கிலீஷில் ஒப்பித்து, இதுதான்ம்மா கரெக்ட் ஆன்சர் என்று கை தட்டினேன். பசங்களும் தட்டினார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கவனித்திருக்க வேண்டும்.

இனி தேன்மொழி அக்கா. அக்காவின் அப்பா செராமிக் யூனிட்டில் களிமண் கலக்குகிறவர். இருபது வருஷமாக வாயில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அந்தப் பொடிக்குள் நிற்கிறார். வறட்டு இருமல். அக்காவின் ஆராய்ச்சியும் அதேதான்: அந்தத் தூசியை நுரையீரல் செல்லுக்கு நாள்கணக்கில் கொடுத்தால் பிரேக் என்ன ஆகிறது? அஞ்சு வருஷம் இதிலேயே போனது. ஸ்காலர்ஷிப் நின்று, டியூஷன் எடுத்து ஓட்டினார். ரெண்டு தடவை கெடு நீட்டியாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று யுனிவர்சிட்டியில் இருந்து கடிதமே வந்துவிட்டது. அது நடந்தது என் கடைசி வருஷத்தில், நான் அங்கே இருக்கும்போது.

ஆரம்பத்தில் அக்காவுக்கு வந்த பேண்டெல்லாம் மொக்கை. முதல் வாரத் தூசிக்கு பி53 கோடு கொஞ்சம் தடிக்கும். மூணாவது வாரம் வந்தால் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற அளவுக்குப் போய்விடும். இதை நம்பவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. கை சரியில்லை, சாம்பிள் சரியில்லை என்று கைடு திட்டுவார்.

அந்தக் கெடுவுக்கு நாலு மாசத்துக்கு முன்னால் இருந்து திடீரென்று கோடெல்லாம் அழகாக விழ ஆரம்பித்தது. முதல் நாள், முதல் வாரம், மூணாவது வாரம், எல்லாவற்றிலும் மைபோட்டு இழுத்ததுபோலத் தடிமனாக ஒரே மாதிரி. அக்கா துள்ளினார். மூணு தடவை திருப்பித் திருப்பிச் செய்தார், மூணு தடவையும் அதே. பழைய மொக்கைப் படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, இத்தனை தூசி போனாலும் பிரேக் போகவில்லை, அப்படியே நிற்கிறது என்று தீசிஸில் எழுதினார். கைடு முதல் தடவையாகத் தோளில் தட்டிக்கொடுத்தார்.

நான் எல்லோருக்கும் டீ சொன்னேன். அந்தம்மா ரெண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை. தீசிஸ் பிரின்டுக்குப் போய்விட்டது. லேப்பில் நானும் அந்தம்மாவும் மட்டும். நான் என் சாமானை எல்லாம் ஒழித்துக்கொண்டிருந்தேன். என் புராஜெக்டும் முடிந்துவிட்டது.

“என்னெ மாதிரி நடந்து வீடியோ எடுத்தியே தம்பி, ஞாபகம் இருக்குதா?”

இருந்தது. நாலு மாசத்துக்கு முன்னால், அவர் காலை இழுத்து நடப்பதைப்போல நடந்து காட்டி, ஒரு கையில் போனைப் பிடித்து எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தேன். அவர் பார்த்திருப்பார் என்று நினைக்கவில்லை. சும்மா ஜாலிக்குத்தான்ம்மா என்று இழுத்தேன்.

“அது கெடக்குது. அப்ப இன்னொரு கையில ஆன்டிபாடி வச்சிருந்தியே. அத எதுல ஊத்துன?”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பணக்கார லேப்பில் ஒருதடவை உபயோகித்த ஆன்டிபாடியைக் கொட்டிவிடுவார்கள். நாங்கள் கொட்டமாட்டோம். ஊறி முடிந்ததும் தட்டில் இருந்து திரும்ப அதே டியூப்பில் பிடித்து ஃப்ரீசரில் வைத்து, அடுத்த தடவைக்கும் அதையே எடுப்போம். எத்தனை தடவை ஆயிற்று என்று மூடிமேல் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்வோம். பத்துக் கோடுவரைகூட ஓட்டுவோம். என்னுடையது டியூபுலின் ஆன்டிபாடி. டியூபுலின் எந்தச் செல்லிலும் எப்போதும் ஒரே அளவில் கொட்டிக் கிடக்கிற புரோட்டீன். எடையில் பி53க்குக் கிட்டத்தட்ட பக்கத்து வீடு. ஜெல்லில் ரெண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

அதற்கு அடுத்த தடவை எடுத்தபோது என் டியூப் காலியாக இருந்ததும் ஞாபகம் வந்தது. எவனோ கொட்டிவிட்டான் என்று ஜூனியர் பசங்களைத் திட்டித் தீர்த்துவிட்டுப் புதுசாகக் கலக்கிக்கொண்டேன்.

“பக்கத்துல தேன்மொழியோட டியூப்பு தெறந்து இருந்துச்சு. அதுல ஊத்துன. மூடியும் போட்டு உள்ள வச்ச. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

நாலு மாசமாக அக்கா படம்பிடித்து, சட்டகம் போட்டதுபோல ஒட்டிவைத்திருந்த அத்தனை கோடும் பி53 இல்லை. என் டியூபுலின். அது எந்த வாரத்திலும் ஒரே அளவில்தான் இருக்கும். தூசி கொட்டினாலும் இருக்கும், கொட்டாவிட்டாலும் இருக்கும். அக்கா தூக்கிப் போட்ட அந்த மொக்கைக் கோடுகள்தான் நிஜம். மூணாவது வாரத்தில் பிரேக் போகிறது.

ஏம்மா அப்பவே சொல்லல என்று கேட்டேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

“சொல்ற எடத்துல என்னெ யாரு வச்சிருக்காங்க?”

“அக்கா உங்கள என்னா பண்ணுச்சு? உங்க பேரனுக்குக் காய்ச்சல்னப்ப வண்டில கூட்டிட்டுப் போனது அதுதான?”

“ஒண்ணும் பண்ணல. தங்கமான பொண்ணு.”

அதை அவர் சொன்ன விதத்தில் கிண்டலே இல்லை. நிஜமாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

“அப்ப இன்னிக்கு மட்டும் எதுக்கு சொல்றீங்க?”

கூடையின் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றி இறுக்கினார்.

“நீ என்னா பண்றேன்னு பாக்கலாம்னு.”

வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பைண்டிங் கடைக்குப் போனேன். போகிற வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்தேன். கடையில் அக்காவும் அவர் அப்பாவும் நின்றிருந்தார்கள். கறுப்பு ரெக்சின் அட்டையில் தங்க எழுத்தில் அக்காவின் பெயர். அக்கா அதை விரலால் தடவிக்கொண்டே, மோந்து பாருடா, புதுப் புக்கு வாசனை என்று என் மூக்குக்கு நேராக நீட்டினார். மோந்து பார்த்தேன். பசை வாசனை.

அவர் அப்பா கடைக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வழக்கமாகத் தொங்குகிற கைக்குட்டையைக் காணோம்.

“அஞ்சு வருசமா பாத்து எம் பொண்ணே கண்டுபுடிச்சிருச்சிங்க. நம்ம ஊரு மண்ணு ஒண்ணும் பண்ணாதாம். பிரேக்கு நல்லா இருக்குதாம்.”

அப்பா, அதுக்காக கைக்குட்டை கட்டாமப் போவாத, நான் அப்படியா சொன்னேன் என்று அக்கா செல்லமாகக் கடிந்துகொண்டார். அவர் இருமிக்கொண்டே சிரித்தார். எனக்கு ஒரு ஜாங்கிரி கொடுத்தார்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திரும்ப எல்லாவற்றையும் செய்ய ரெண்டு மாசம் ஆகும். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருக்கிறது. பதிவு ரத்து. அஞ்சு வருஷம் காலி. யார் ஊற்றினது என்ற கேள்வி அதற்கு அப்புறம் வரும். என் மார்க், என் சர்டிபிகேட், கைடு தருவதாகச் சொன்ன சிபாரிசுக் கடிதம். அக்காவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜத்தில் நான் யோசித்த வரிசை அப்படி இல்லை. சிபாரிசுக் கடிதம்தான் முதலில் வந்தது.

ஜாங்கிரியைச் சாப்பிட்டுவிட்டு, கங்கிராட்ஸ்க்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்ப லேப்புக்குப் போனேன். அந்தம்மா என் முகத்தை ஒருதடவை பார்த்தார். உதட்டோரம் ஒட்டியிருந்த ஜாங்கிரிப் பாகைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிக் கை காட்டினார்.

சில மாசம் கழித்து அக்காவுக்கு வைவா. நானும் போயிருந்தேன். செமினார் ஹாலில் பின்வரிசை. திரையில் அந்தக் கோடுகள் பெரிசாக விழுந்தன. பார்க்க அவ்வளவு அழகு. வெளியூரில் இருந்து வந்த எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். பி53 சுத்தமாக இல்லாத செல் என்று தனியாக ஒன்று கிடைக்குமே, அதில் இந்த ஆன்டிபாடியை ஊற்றிப் பார்த்தீர்களா? அதில் கோடு விழாமல் இருந்தால்தானே இங்கே விழுவது பி53 என்று நம்ப முடியும்?

சரியாக அந்த நேரத்தில் அந்தம்மா காபி டிரேயோடு உள்ளே நின்றிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. ஆனால் இப்படிச் சரிபார்ப்பதற்குப் பெயர் கன்ட்ரோல், அந்த வார்த்தை தெரியும், அந்தக் கேள்வியும் தெரியும். டிரேயைப் பிடித்தபடி அப்படியே நின்றார். எக்ஸாமினரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் என்னைப் பார்த்தார். கப்புகள் லேசாக ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

எழுந்து நின்றால் போதும். ஒரே ஒரு வாக்கியம்.

அந்தச் செல் வாங்க எங்கள் லேப்பில் வசதி இல்லை சார் என்றார் அக்கா. எக்ஸாமினர் தலையை ஆட்டினார். நானும் சின்ன காலேஜில் இருந்து வந்தவன்தான், புரிகிறது என்றார். காபியை எடுத்துக்கொண்டார். அக்கா டாக்டர் ஆனார். எல்லோரும் கை தட்டினோம். நான்தான் சத்தமாகத் தட்டினேன்.

கூட்டம் கலைந்த பிறகு என் பழைய ரெக்கார்டு நோட்டை எடுக்க லேப்புக்குப் போனேன். அந்தம்மா ஏற்கெனவே அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். பச்சை ஒயரில் புதுக் கூடை ஆரம்பித்திருந்தார். உள்ளே ஒரு ஃபர்ஸ்ட் இயர் பெண், நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, பயபக்தியோடு ஜெல் பெட்டிக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாட்டினாள். அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். மேஜைக்கு அடியில் இருந்து இன்னொரு நாற்காலியைக் காலாலேயே இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார்.

நான் உட்காரவில்லை என்று எழுதத்தான் ஆசை. உட்கார்ந்தேன். கால் வலித்தது.

அவர் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆனார். வழியனுப்பு விழா எதுவும் வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டு, பின்னி முடித்த கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்ணாடம் பஸ் ஏறிப் போனாராம். அதற்கு அப்புறம் நான் பார்க்கவில்லை. எனக்கு இப்போது சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. அந்தச் சிபாரிசுக் கடிதம் உதவியது.

தேன்மொழி அக்கா ஒரு தனியார் காலேஜில் அசிஸ்டென்ட் புரொபசர். அவரிடம் முதல் பிஎச்.டி. மாணவியாக ஒரு பொண்ணு சேர்ந்திருக்கிறாள். அக்காவின் தீசிஸை அப்படியே திரும்பச் செய்துகாட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு போகவேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அந்தப் பொண்ணுக்கு மூணாவது வாரக் கோடு மட்டும் விழவே மாட்டேன் என்கிறதாம். நாலு நாளைக்கு முன்னால் அக்காவிடம் இருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“டேய், நம்ம லேப்புல அந்த ஆன்டிபாடிய நாம எப்படிடா கலக்குனோம்? ஒனக்கு எதாவது ஞாபகம் இருக்குதா? இது கையே சரியில்லடா. சாம்பிளயும் ஒழுங்கா வைக்கறதில்ல, ஜெல்லும் ஒழுங்கா ஊத்தறதில்ல. நேத்து எல்லார் முன்னாடியும் வச்சுத் திட்டிட்டேன், பாத்ரூம்ல போயி அழுவுது. ஒரு பேண்டு வரவைக்கத் தெரியலன்னா நீயெல்லாம் எதுக்கு ரிசர்ச்சுக்கு வந்தேன்னு கேட்டேன்.”

பின்னால் யாரோ கண்ணாடிச் சாமான் கழுவுகிற சத்தமும் அந்த மெசேஜில் கேட்டது. நான் ரெண்டு தடவை கேட்டேன். பதில் டைப் பண்ணி அழித்தேன்.

இன்று வியாழக்கிழமை. அந்தப் பொண்ணு ஆறாவது தடவையாக அதே ஜெல்லை ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.